மண்ணூர்பேட்டை செலினின் குரல்

மண்ணூர்பேட்டை செலினுக்கு என்சிசியில் ‘ஏ’ இருந்தது, ‘பி’ இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலான ‘சி’ சான்றிதழ்தான் 1990இல் கைநழுவிப் போனது. எழுத்துத் தேர்வு, துப்பாக்கி, வரைபடம் எல்லாவற்றிலும் தேறியவளை அணிவகுப்புக்குக் கட்டளையிடுவதில் மட்டும் தோற்கடித்து, ‘குரல் போதாது’ என்று ஒரு வரி எழுதிவிட்டார் தேர்வு அதிகாரி.

என்ன போதாது? லேத்துப் பட்டறை இரைச்சலில் அப்பா இக்னேஷியஸைச் சாப்பிடக் கூப்பிட்டே வளர்ந்த குரல் அது. கல்லூரி முடிய ஒரு வருஷம். மிச்சமிருந்தது ஒரே ஒரு வாய்ப்பு.

தினமும் காலையில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் மதிலோரம் நின்று, “சாவ்தான்!” என்று என்சிசியின் இந்திக் கட்டளைகளைக் கத்திப் பழகினாள். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள்.

“இன்னாம்மா, காத்து கருப்பு எதுனா அட்சிகிச்சா?” என்றார் ஒருவர்.

“ஆமா அண்ணாத்தே. நீயும் வந்து வரிசையில நில்லு.”

மறு வருஷம் ஆவடி மைதானம். அதே அதிகாரி. பெண்கள் போதவில்லை என்று எட்டுப் பையன்களை அவள் முன் நிறுத்தினார்கள். முன்வரிசை வரதன் பல்லிளித்தான்.

“உன் கொரலு எங்க காதுல உழாது. பார்த்துக்கினே இரு.”

“தேஸ் சல்!” என்றாள்; நடந்தார்கள். திரும்பி வருவதற்கு “பீச்சே முட்!” என்றாள். கேட்காதவர்கள்போல நேரே போனார்கள். அதிகாரி உதட்டைப் பிதுக்கினார்.

வேறொருத்தி தொண்டை கிழியக் கத்தியிருப்பாள். செலின் வாயை இறுக மூடிக்கொண்டாள். நில் என்று சொல்லும்வரை அணி நடந்தே தீரவேண்டும். தானாக நின்றவனுக்கு மதிப்பெண் போச்சு. அவர்களுக்கும் அன்றுதான் தேர்வு. மைதானத்தின் கோடியில் முந்தின நாள் மழைச் சேறு. பூட்ஸ் முங்கியது. கால்சட்டை நனைந்தது. நடக்கட்டும், நல்லா நடக்கட்டும் என்றிருந்தது அவளுக்கு.

பிறகு, பக்கத்து வீட்டில் காப்பித்தூள் கேட்கிற குரலில், நிற்கச் சொல்லி “தம்” என்றாள்.

காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்த எட்டுப் பேரும் சேற்றில் சட்டென்று நின்றார்கள்.

அதிகாரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. “போன வருஷத்துக்கு இப்போ குரல் பரவாயில்லையேம்மா,” என்றார்.

முடிவை அவர் இன்னும் எழுதவில்லை. அது தெரிந்தும் செலின் விறைப்பாக நின்று சொன்னாள்:

“போன வருஷமும் இதே குரல்தான் சார். நீங்கதான் கேக்கல.”

அவர் குனிந்து, ‘தேர்ச்சி’ என்று எழுதினார்.