உறுதி எழுதிய பிறகு இறங்காத சோறு

மகளின் கலியாணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் நொத்தாரிசிடம் போய் வீட்டு உறுதியை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தேன். எங்கள் ஊரில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். பெற்றவர்கள் வளவின் பின்பக்கம் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். என் உம்மாவும் எனக்கு அப்படித்தான் தந்தார். ஒரு தயக்கமும் இல்லாமல் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

உம்மா தந்தது இரண்டு அறை. மிச்சத்தையெல்லாம் நான் கட்டினேன். குசினித் தட்டுகளை என் கை எட்டும் உயரத்துக்கு அளந்து மேசனிடம் சொன்னதும் நான்தான். பின்பக்கம் போனபோது எங்களுக்கென்று தனிக் குசினி கட்டவில்லை. இருப்பது நாலு பேர், எதற்கு இரண்டு அடுப்பு என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன்.

கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம் சோறு தொண்டையில் நிற்கத் தொடங்கியது. முதலில் மீன் முள் என்று நினைத்தேன். வாயு என்றார் கணவர். இஞ்சித் தண்ணீர் குடித்தேன். பள்ளிவாசல் லெப்பை ஓதித் தந்த தண்ணீரும் குடித்தேன். அவையெல்லாம் இறங்கின, சோறுதான் இறங்கவில்லை. சட்டைகள் தொளதொளத்தன. புற்றுநோயாக இருக்கும் என்று எனக்குள் முடிவுகட்டி, என்னைச் சுற்றி அடக்கப்போகும் கபன் துணிவரைக்கும் யோசித்துவிட்டேன்.

ஆசுபத்திரியில் தொண்டைக்குள் கமரா விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். பிறகு மெதுவாக, “வீட்டில ஏதும் பிரச்சினையா டீச்சர்?” என்று கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “எங்கட வீட்டில எல்லாரும் சந்தோசமா இரிக்கம்” என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். வரும் வழியெல்லாம் அவரைத் திட்டினேன்.

நான் கணிதம் படிப்பிக்கிறவள். மகள் காலையில் கட்டித் தருகிற பிட்டைப் பாடசாலையில் இடைவேளைக்கு ஒரு துகள் விடாமல் சாப்பிடுவேன். பிட்டு சோற்றைவிட விக்கும். அது இறங்கியது. இரண்டு மணிக்கு வீட்டு மேசையில் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு நின்றது. சமைத்த கை ஒன்று, தொண்டை ஒன்று, மாறியது இடம் மட்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடக் கண்டுபிடித்திருக்கும்.

கொடுத்ததை மனதாரக் கொடுத்தேன் என்று ஊருக்குக் காட்டுவதில் நான் மும்முரமாக இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் முருங்கை இலை பறிக்க வந்தால், “வீட்டுக்காரிய கேட்டுட்டுப் பறிங்க கா” என்பேன். நான் வைத்து வளர்த்த முருங்கை அது. குசினி வாசலில் நின்று, “உப்புக் கொஞ்சம் எடுக்கட்டா?” என்று மகளிடம் கேட்பேன். குடுத்தா இப்படியெல்லோ குடுக்கணும் என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். மகள் முதலில் சிரித்தாள். எப்போது சிரிப்பதை நிறுத்தினாள் என்று நான் கவனிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, ஆம்பிளைகள் இருவரும் சொறிக்கல்முனைப் பக்கம் வயலுக்குப் போயிருந்தார்கள். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மகளிடம் கேட்டுவிட்டுத் தேயிலை டின்னை எடுக்கப் போனேன். அதன் பின்னால் மாத்திரை தீர்ந்த பெனடோல் அட்டைகள் ஏழெட்டு கிடந்தன.

“ஆருக்கு இது, மகள்?”

“எனக்குத்தான். தலையிடி.”

“எப்ப இருந்து?”

“கலியாணம் முடிஞ்சதில இருந்து. கண்ணாடி மாத்தியும் பாத்தன், போகல்ல.”

அவள் சோற்றுப் பானையைப் பார்த்துக்கொண்டே கதைத்தாள். “நீங்க வாசல்ல நிண்டு உப்புக் கேக்கிற நேரந்தான் கூட இடிக்கிது உம்மா. இது என்ட வீடாம். ஒரு ஆணி அடிக்கவும் எனக்குப் பயமா இரிக்கி.”

கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். டாக்டரிடம் சொல்லாததை அவளிடம் சொன்னேன்.

“எனக்கு உன்னில பொறாமை மகள். வீட்டக் குடுத்துட்டன். இந்தக் குசினியக் குடுக்க ஏலாம இரிக்கி.”

பெற்ற மகளிடம் இப்படிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொன்ன பிறகும் வெட்கம் போகவில்லை. அவள் கோபிப்பாள், அல்லது அழுவாள் என்று பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

“அப்ப உங்களுக்குச் சோறு இறங்காதது அதாலயா? நீங்க மௌத்தாகப் போறீங்க எண்டெல்லோ நான் பயந்துக்கிட்டு இரிக்கன்.”

“நானும் அப்படித்தான் நினைச்சன்.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “நீங்க கேக்காம எடுங்க உம்மா. நான் கேக்காம ஆணி அடிக்கன்.”

இருவருமாகச் சாப்பிட உட்கார்ந்தோம். கீரி மீன் குழம்பில் உண்மையிலேயே உப்புக் குறைவு. வாய்வரை வந்த கேள்வியை அடக்கிக்கொண்டு, எழும்பிப் போய் எடுத்து வந்து போட்டேன். முதல் பிடி இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவது பாதியில் நின்றது, தண்ணீர் குடித்தேன்.

நிமிர்ந்தபோது மகள் தன் சோற்றுக் கோப்பையில் கை வைக்காமல் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இறங்குதா உம்மா?”

“ஓம், கொஞ்சம் கொஞ்சமா. உனக்குத் தலை?”

“இரிக்கி. கொஞ்சமா.”

“தின்னு” என்றேன்.