இன்னா கலர்ல போவுது?

கட்டியை முதலில் கண்டுபிடித்தது சவரக் கத்திதான். இடது தாடைக்குக் கீழே, புளியங்கொட்டை அளவில் ஏதோ வழுக்கி நகர்ந்தது. வலி இல்லை. வலிக்காத எதையும் நம்பாதது என் சுபாவம்.

அப்போது இங்கிலாந்தின் வடக்கே ஒரு நகரத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துகளின் நடுவில். ஊர் அச்சரப்பாக்கம். நைனாவுக்கு அங்கே உரக்கடை. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கட்டி வந்ததும் முதலில் குளிரைச் சந்தேகப்பட்டேன், அடுத்து குழாய்த் தண்ணீரை. டாக்டர் அம்மா சிரித்துக்கொண்டே “பயப்பட ஒன்றுமில்லை” என்றதும் அவரையும் சேர்த்துக்கொண்டேன்.

பயாப்ஸி (கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். நிணநீர்க் கழலைக் காசநோய் (நுரையீரலில் இல்லாமல் கழுத்து முடிச்சுகளில் தங்கும் டிபி) என்று முடிவு வந்தது. இந்த வகை பிறருக்கு ஒட்டாது என்றார்கள். கூடக் குடியிருந்த மூன்று மாணவர்களிடம் அதையே சொன்னேன். மறுநாள் என் டம்ளர் மட்டும் அலமாரியில் தனியாக நின்றது. யார் வைத்ததென்று நான் கேட்கவில்லை. மூன்று பேரையும் சந்தேகப்பட்டேன்.

“வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா?” என்று நர்ஸ் கேட்டார். இல்லை என்று வெடுக்கென்று சொன்னேன். என் ஊரையே அழுக்கு என்று சொல்லாமல் சொல்கிறாரோ என்று பட்டது. முதல் வேளை மாத்திரையை அவர் எதிரிலேயே விழுங்க வைத்தார்.

மறுநாள் காலை சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போயிற்று. ரிஃபாம்பிசின் (காசநோய்க்கான முக்கிய மருந்து) அப்படித்தான் செய்யும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். எனக்குப் பயம் வரவில்லை. வேறொன்று வந்தது. இந்த நிறத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக் கக்கூசில். நைனா தண்ணீர் ஊற்ற மறந்த காலைகளில். நான் கிளம்புவதற்கு முந்தைய மாதங்கள் அவை. “சூடு” என்று சொல்லி அம்மா வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள். இருமலுக்கு உர மூட்டைத் தூசி காரணம். பயணத்துக்கு முன் எல்லோரும் மாமல்லபுரம் போனபோது நைனா வேனை விட்டு இறங்கவே இல்லை. அதற்கும் தூசியைத்தான் சொன்னார்கள். கடற்கரையில் ஏது உரத்தூசி என்று யோசிக்க அன்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் போட்டேன். வழக்கம்போல அம்மாதான் எடுத்தாள்.

“நைனா எங்க?”

“கடைக்குப் போயிகீறாரு.”

“ஞாயித்துக்கெழம ஏது கடை?”

பின்னால் யாரோ இருமினார்கள்.

“யாரும்மா அது இருமறது?”

“டிவி.”

வெளிநாட்டில் படிக்கிற பிள்ளையிடம் வீட்டு நோயைச் சொல்வதில்லை, வீட்டாரிடம் பிள்ளையும் தன் நோயைச் சொல்வதில்லை. எங்கள் பக்கத்தில் பாசத்தின் முறையே இதுதான். நான்தான் அதை உடைத்தேன். “எனுக்கு டிபி வந்துகீதும்மா” என்றேன். ரிசீவர் எதன் மீதோ இடித்தது. பிறகு நைனாவின் மூச்சு கேட்டது.

“உனுக்கு மாத்திர குடுத்தாங்களா நைனா?”

“குடுத்தாங்க.”

“முழுசா சாப்ட்டியா?”

“பாதில வுட்டுட்டேன்.”

அந்த ஒரு சொல்லில்தான் என் உயிர் இருந்தது. காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால், மிஞ்சும் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகலாம். அவருடையது இருமலில் பரவுகிற வகை. அவரிடமிருந்து அப்படிப்பட்ட கிருமி எனக்கு வந்திருந்தால், நான் விழுங்கும் எதுவும் வேலை செய்யாது.

“ஏன் வுட்ட?”

“பேரு எழுதிகினு, அவுங்க எதுர்லயேதான் முழுங்க வெப்பாங்க. அப்பதான் உன் விசாவுக்கு எழுதிப் போட்டது. வூட்டுப் பத்திரத்தயே நோண்டற விசாக்காரன் ஆஸ்பத்திரில கேக்காம இருப்பானா? என் பேரு அங்க கீதுன்னா உன்ன அனுப்ப மாட்டான்.”

விசா அலுவலகத்துக்கும் அச்சரப்பாக்கத்துக் காசநோய்ப் பதிவேட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் அந்தச் சந்தேகம் எனக்கு அந்நியமாகப் படவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அதனால் கோபப்பட முடியவில்லை.

டாக்டரிடம் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. கல்ச்சர் (கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்ப்பது) முடிவு வர வாரக்கணக்கில் ஆனது. அதுவரை விழுங்கியது மருந்தா வெறும் சாயமா என்று தெரியாமலேயே விழுங்கினேன். கட்டியைத் தொட்டுப் பார்ப்பேன். சிறுத்ததுபோல் இருந்தால் விரலைச் சந்தேகப்படுவேன்.

கடைசியில், எல்லா மருந்துக்கும் அடங்குகிற கிருமிதான் என்று வந்தது. ஆஸ்பத்திரி நடைவழியில் நின்று அழுதேன்.

நைனா செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரியில் மறுபடி பெயர் எழுதிக்கொண்டார். இந்த முறை ஊசியும் உண்டு. அம்மாவின் வார்த்தையை இனி நம்புவதாக இல்லை. அதனால் அவருடைய மாத்திரை நாளில் (வாரம் மூன்று) எல்லாம் போன் செய்து ஒரே கேள்விதான் கேட்பேன்.

“இன்னா கலர்ல போவுது?”

“ஆரஞ்சுதான்டா. உனுக்கு?”

“எனுக்கும்.”

எனக்கு விடியும்போது அவர் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார். அம்மா பக்கத்தில் தலையில் அடித்துக்கொள்வது கேட்கும். அதுவரை நாங்கள் இருவரும் அவ்வளவு பேசியதில்லை.

இதே நோயோடு தூர தேசத்தில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வீட்டில் மறுபடி கேளுங்கள். நல்லாத்தான் கீறோம் என்றால் இன்னொரு தடவை கேளுங்கள்.

என் சிகிச்சை அவருக்கு முன்பே முடிந்தது. மாத்திரை நின்ற சில நாளில் நிறம் வெளுத்தது. சந்தோஷமாக போன் போட்டுச் சொன்னேன். நைனாவுக்கு உடனே சந்தேகம்.

“டாக்டரு நிறுத்துனாரா, நீயா நிறுத்துனியா?”

“டாக்டர்தான் நைனா.”

“அந்தம்மாவ பேசச் சொல்லு.”

நைனாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, என் கைப்பேசியை வாங்கி டாக்டர் அம்மா “ஃபினிஷ்டு” என்றார். நைனா அதை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகுதான் நம்பினார்.

இப்போது ஊரில்தான் இருக்கிறேன். கழுத்தில் ஒரு சின்னத் தழும்பு. காலையில் குனிந்து நிறத்தைப் பார்க்காமல் எனக்கு நாள் தொடங்குவதில்லை. நான் வெளியே வரும்போது கதவுக்கு அந்தப் பக்கம் நைனா நின்றுகொண்டிருப்பார். மறுபடி நோய் வந்து, சொல்லாமல் மாத்திரை சாப்பிடுகிறேனோ என்று அவருக்குச் சந்தேகம். வெள்ளைதான் என்று நானே சொல்லிவிடுவேன்.