தண்ணீர் திறந்த இருளாண்டி

என் அக்காள் புருஷன் இருளாண்டி, விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கருமருந்து கலக்கியவர். மருந்து ஒரு சிட்டிகை தரையில் சிந்தினாலும், யோசிக்கவே மாட்டார், அறை வாசல் டிரம்மிலிருந்து தண்ணீரை அள்ளிக் கொட்டிவிடுவார். எங்கள் தொழிலில் உயிரோடு வீடு திரும்ப அதுதான் வழி.

அக்காள் போய்ச்சேர்ந்த பிறகு, "போதும்ப்பா, அந்த வேல வேணாம்" என்று கெஞ்சி, மகன் புகழேந்தி அவரை ஜார்க்கண்டுக்குக் கூட்டிப்போனான். அங்கே நிலக்கரி கழுவும் ஆலையில் அவன் இன்ஜினியர். பனைமர உயரத்துக்கு ஒரு தொட்டி. கரித்தூளைத் தண்ணீரில் கரைத்து அதில் விட்டு, அடியிலிருந்து காற்றை ஊதுவார்கள். கரி நுரையில் ஒட்டி மேலே வந்து வழியும், மண் கீழே போகும். நுரையோடு ஏறிவிடும் கொஞ்ச மண்ணையும் கழுவ, மேலிருந்து தூறலாகத் தண்ணீர் விடும் ஏற்பாடு புகழேந்தியுடையது. அந்தக் குழாய்க்கு அப்பாவையே காவல் வைத்தான்.

"ஏலே மாப்ள, இங்கன நுரைதான்லே சரக்கு! நாம வடிச்சு ஊத்துறத இவுக அள்ளி விக்காக" என்று போனில் சிரித்தார் மச்சான். அவர் அப்படிச் சிரித்து எத்தனையோ காலமாகியிருந்தது.

பெரிய அதிகாரிகள் பார்க்க வந்த அன்று நுரை பொங்கித் தரையெல்லாம் கறுப்பாக வழிந்தது. மனுஷனுக்கு எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துவிட்டது. குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். நுரை அமுங்கியது, நல்ல கரியும் மண்ணோடு கீழே போனது. யார் திறந்தது என்று கத்தினார்கள். "நாந்தான்" என்று முன்னால் வந்து நின்றார். மகன் எவ்வளவோ தடுத்தும், "என்னால ஒம் பேரு கெடக் கூடாதுய்யா" என்று ரயிலேறிவிட்டார். வந்தவர் சும்மா கிடந்தாரா? பாழாய்ப்போன அதே மருந்து அறைக்குத்தான் போனார்.

புரட்டாசியில் புகழேந்தி கூப்பிட்டான். "குழாய் அளவுக்கு மேல தொறக்காதபடி பண்ணிட்டேன்ப்பா. கரி சுத்தமா வருது. வந்துருங்க."

"சீசன் முடியட்டும்யா, வாரேன்."

சீசன் முடியவில்லை. "சிந்திருச்சு, தண்ணி! தண்ணி கொண்டாங்க!" என்று அவர் கத்தியது பக்கத்து அறையில் வேலையிலிருந்த எனக்குக் கேட்டது. நான் எழுந்து ஓடுவதற்குள் வெடித்துவிட்டது.

ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் புகழேந்தி என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "எங்கப்பா ஒடனே தண்ணி ஊத்திருப்பாரே மாமா? அத மட்டும் மறக்கவே மாட்டாரே?"

லோடு ஏற்றும் அவசரத்தில் டிரம்மை நிரப்பாமலே எங்களை உள்ளே அனுப்பியிருந்தார்கள், படுபாவிகள்.

"மறக்கலய்யா" என்றேன். "டிரம்முல தண்ணி இல்ல."