அண்ணியின் கதவு சென்சார்

அண்ணன் மனைவி எங்கள் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறார். தெருவில் அவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர். மெஷின் நின்றாலும் வாய் நிற்காது. இடது காது போய், வலது காதும் பாதி மந்தமான பிறகு பேச்சு இன்னும் கூடிவிட்டது. தானே பேசிக்கொண்டிருந்தால், மற்றவர் சொன்னது காதில் விழவில்லை என்று யாருக்குத் தெரியப்போகிறது? எதிரே முகம் தெரிந்தால் போதும், உதட்டசைவை வைத்தே சொன்னதைப் பிடித்துவிடுவார். ஆனால் வெளிச்சத்துக்காக மெஷின் ஜன்னலைப் பார்த்துக் கிடந்தது. கதவு முதுகுக்குப் பின்னால்.

எங்கள் வம்சத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சும்மா இருப்பேனா? கதவில் காந்த சென்சார், மேசைக்கடியில் சின்ன போர்டு, மெஷின் பக்கத்தில் சிவப்பு விளக்கு. யாராவது கதவைத் திறந்தால் விளக்கு மின்னும்.

முதல் நாள் ஜோராக மின்னியது. மறுநாள் செத்துக் கிடந்தது. போர்டிலிருந்து சென்சார் வயர் கழன்றிருந்தது. சொருகினேன், மறுபடியும் கழன்றது. மீட்டர் வைத்துப் பார்த்தேன், புதிதாகப் பற்றவைத்தேன், சென்சாரையே மாற்றினேன்.

“எலியா இருக்கும் தம்பி,” என்றார் அண்ணி.

“எலின்னா கடிக்கும் அண்ணி. அலுங்காம உருவி வைக்காது.”

“படிச்சவன் வீட்டு எலியாச்சே.”

ஒரு மதியம் நான் உள்ளறை வாசலில் நின்றிருந்தபோது, ரவிக்கை தைக்கக் கொடுக்க ஒரு பெண்மணி வந்தார். விளக்கு மின்னியது.

“எங்க மாமனாருக்குக் காது கேக்காது. இதே மாதிரிதான் ஒண்ணு வச்சிருக்கோம்,” என்றார் அவர்.

“இது சும்மா அழகுக்கு,” என்ற அண்ணியின் கை மேசைக்கடியில் போனது. விளக்கு அணைந்தது.

அவர் போனதும், “ஏன் அண்ணி?” என்றேன்.

அண்ணி வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அதுவே எனக்குப் புதிது.

“கழுத்து எவ்வளவு இறக்கணும், கை எவ்வளவு நீளம்னு, காது கேக்காதவகிட்ட யாரு தம்பி சொல்லுவா? துணியைத் தூக்கிட்டு அடுத்த கடைக்குப் போயிடுவாங்க.”

அன்று மாலையே சிவப்பு விளக்கைக் கழற்றிவிட்டு, மெஷினில் ஊசிக்கு மேலே எரியும் விளக்கோடு சென்சாரை இணைத்தேன். கதவு திறந்தால் அது ஒரு கணம் மங்கித் தெளியும்.

ரவிக்கை வாங்க அந்தப் பெண்மணி வந்த அன்று வெளிச்சம் மங்கியது. அண்ணி மெஷினை நிறுத்தித் திரும்பினார்.

“வாங்க, வாங்க, தயாரா இருக்கு.”

“என்ன, கரண்டு சரியில்லையா?”

“கரண்டுக்கு என்ன? எல்லாம் என் கொழுந்தன் கைவேலை. இஞ்சினியருக்குப் படிச்சிருக்கான், ஒரு விளக்கை ஒழுங்கா எரியவைக்கத் தெரியல.”

வந்தவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் தலையைச் சொறிந்தபடி, “பாக்கறேன் அண்ணி,” என்றேன்.