இடி இடிக்காத மழைப் பாட்டு

தொடக்கக் கல்வியில் பட்டம் வாங்க என்னென்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். குழந்தை உளவியல் படிக்க வேண்டும். நாம் சின்ன வயதில் படித்து மறந்த கூட்டல் கழித்தலை, சொல்லிக்கொடுப்பதற்காக மறுபடி படிக்க வேண்டும். பொம்மலாட்டப் பொம்மை தைக்க வேண்டும், சார்ட் வரைய வேண்டும், ரெக்கார்டு எழுதி எழுதி விரல் காய்த்துப்போக வேண்டும். வருகைப் பதிவு குறையவே கூடாது. இத்தனையையும் முதல் வருடமே அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். தொண்டை ஒன்று வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

எழுத்துத் தேர்வில் கோட்டை விட்டால் அரியர் எழுதிக்கொள்ளலாம். நான்காம் வருடக் கடைசியில் வரும் கற்பித்தல் தேர்வு அப்படியில்லை. நாம் பயிற்சிக்குப் போகும் பள்ளிக்கே வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். அவர் முன்னால் ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். அதில் தவறினாலும் சரி, அன்றைக்கு வராமல் போனாலும் சரி, அடுத்த வருடம் ஜூனியர்களோடு சேர்ந்து பயிற்சி முழுவதையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். எனக்கோ அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது. "படிப்பு முடியட்டும்" என்று சொல்லி அப்பா ஒரு மாப்பிள்ளை வீட்டாரைத் தள்ளிப்போட்டு வைத்திருந்தார். படிப்பு முடியவில்லை என்று தெரிந்தால், இனியும் பொறுக்காமல் அவர்கள் எங்கள் வாசலில் வந்து செருப்பைக் கழற்ற ஒரு நிமிஷம் ஆகாது.

அப்பா கம்பத்தில் வாழைக்காய் மண்டியில் ஏலம் கூறுகிறவர். அவர் குரல் அப்படியே எனக்கு வந்திருக்கிறது. வீட்டில் நான் மெதுவாகப் பேசினால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். டீச்சராகப் போகிறவளுக்கு இதைவிட என்ன சொத்து வேண்டும் என்று நான் திமிராகவே இருந்தேன்.

பயிற்சிக்கு என்னைப் போட்டது உத்தமபாளையத்தைத் தாண்டி, திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே இருந்த ஒரு பள்ளியில். என்னோடு அதே பள்ளிக்கு வந்தவள் என் வகுப்புத் தோழி. அவளும் என்னைப் போலத்தான், குரலுக்குக் குறைவில்லாதவள். அவள் ஊர் மாதா கோயிலில் பாட்டுக் குழுவுக்கே அவள்தான் தலைவி. மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். எங்கள் இரண்டு பேரையும் கொண்டுபோய் ஒரே நீளக் கூடத்தில் விட்டார்கள். இந்தப் பாதியில் என் நாலாம் வகுப்பு, அந்தப் பாதியில் அவள் மூன்றாம் வகுப்பு. நடுவில் சுவர் கிடையாது. கால் வைத்த கரும்பலகை ஒன்றுதான் தடுப்பு. அதற்கு அடியில் முழங்கால் உயரத்துக்கு இடைவெளி இருந்ததால், அந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் பாதங்கள் எனக்கு எப்போதும் தெரியும்.

நான் கிலோகிராம் என்று கத்தினால் அவள் அதற்கு மேலே ஏறிப் பாடுவாள். அவள் ஏறினால் நான் இன்னும் ஏறுவேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். அவள் தேர்வுக்காகத் தயார் செய்த மழைப் பாட்டுதான் எனக்கு எமனாக வந்தது. அவளே மெட்டுப் போட்டது. தூறலில் தொடங்கி, சாரலாகி, நடுவில் இடி இடிக்கும். இடி வரும் இடத்தில் பிள்ளைகள் மொத்தமும் தரையை மிதித்துக்கொண்டு 'டமார்' என்று அலறுவார்கள். என் பக்கத்துத் தராசு ஆடிப்போகும். நான் சொல்லிக்கொண்டிருந்த கணக்கு எனக்கே மறந்துவிடும்.

ஒருநாள் அவள் பலகையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். "மெதுவாப் பேசுடி. காது வலிக்குது."

"வலிச்சாப் பஞ்சு வச்சுக்க" என்றேன்.

"இது என்ன உங்கப்பா மண்டியா, ஏலம் கூறுறதுக்கு?"

அத்தோடு நான் அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டேன். என்னைச் சொல்லியிருந்தால் திருப்பிச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அப்பாவின் தொழிலை இழுத்தது எனக்கு ஆறவே இல்லை. ஒரே பஸ்ஸில் வருவோம், போவோம். அவள் முன்பக்கம் ஏறினால் நான் பின்பக்கம் ஏறுவேன்.

பேசாமல் இருந்தாலும் கத்துவதை நிறுத்தவில்லை. முன்னைவிட ஓங்கிக் கத்தினேன். தேர்வுக்கு முந்தின வாரம் குரல் கரகரத்தது. பிறகு கட்டியது. தேர்வுக்கு முதல் நாள் காலையில் எழுந்து அம்மாவைக் கூப்பிட்டால், வாயிலிருந்து வெறும் காற்று வந்தது.

அம்மா உப்புத் தண்ணீர், மிளகுப் பால், சித்தரத்தை என்று எல்லாவற்றையும் என் தொண்டைக்குள் ஊற்றினாள். அப்பா கம்பத்தில் தொண்டை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, "வாயத் திறக்காம இருந்தா ஒரு வாரத்துல வந்துரும். பேசுனா எப்ப வரும்னு நான் சொல்ல முடியாது" என்றார். வெளியே வந்ததும் அப்பா டீக்கடையில் எனக்குப் பால் வாங்கிக் கொடுத்துவிட்டு, "என் தொண்டையும் ஒருக்கா இப்பிடிப் போச்சு ஆத்தா. வெரலக் காமிச்சே ஏலத்த முடிச்சேன்" என்றார். அவர் ஆறுதலுக்குச் சொன்னதுதான். நான் அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியையிடம் ஒரு தாளில் விஷயத்தை எழுதிக் காட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "வர்றவக கிட்டச் சொல்லிறாத. ஒடம்பு சரியில்லைன்னு தெரிஞ்சா, நல்லாயிட்டு அடுத்த வருசம் வாம்மான்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாக. எப்பிடியாச்சும் சமாளி" என்றார். தோழி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்ல நாள் பாத்துப் போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் சார்ட்டுகளை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் குரல் இருந்திருந்தால் பள்ளிக்கூடமே இடிந்திருக்கும். அவளிடம் ஒரு வார்த்தை எழுதிக் கேட்டிருக்கலாம், இன்றைக்கு மட்டும் இடியை விட்டுவிடு என்று. ஆனால் அவள் கேட்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கும் இது தேர்வுதான். அந்த இடிக்காகத்தான் அவள் இத்தனை நாள் பாடுபட்டாள். அவள் பாடக் குறிப்பிலேயே அது எழுதியிருந்தது.

பலகையில் 'எடை' என்று தலைப்புப் போட்டு, கிலோகிராம் கணக்குகளை எழுதி வைத்தேன். ஓரத்தில் என் பிள்ளைகளுக்கு எழுதினேன்: 'இன்று ஒரு விளையாட்டு. டீச்சரும் சத்தம் போடக் கூடாது. நீங்களும் போடக் கூடாது. போட்டால் அவுட்.' அவர்கள் உடனே வாயில் விரல் வைத்துக்கொண்டார்கள். தராசு, படிக்கற்கள், ஒரு சீப்பு வாழைக்காய், ஒரு பை திராட்சை எல்லாவற்றையும் மேஜையில் அடுக்கினேன். ஒரு கல் உருண்டு கீழே விழுந்தது.

தேர்வாளர் வந்தார். கண்ணாடி போட்ட, அவசரக்காரர். அன்றைக்கே இன்னும் பல பள்ளிகள் பார்க்க வேண்டுமாம். இரண்டு வகுப்பையும் ஒன்றாகப் பார்த்துவிடுவதாகச் சொல்லி, நாற்காலியைப் பலகையின் ஓரமாகப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன பாடம்மா?"

நான் சிரித்துக்கொண்டே பலகையைக் காட்டி, பிள்ளைகளைப் பார்த்தேன். "எடை" என்று அத்தனை பேரும் கிசுகிசுத்தார்கள். அவர் புருவத்தை உயர்த்தினார்.

தொடங்கினேன். வாழைக்காயை ஒரு கையிலும் திராட்சையை ஒரு கையிலும் தூக்கிக் காட்டினேன். எது கனம்? பிள்ளைகள் விரலை நீட்டினார்கள். பாதிப் பேர் அங்கும் பாதிப் பேர் இங்குமாகக் காட்டினார்கள். தராசில் வைத்தேன். தட்டு இறங்கியதும் ஜெயித்தவர்கள் சத்தமில்லாமல் குதித்தார்கள். ஒரு பையனைக் கூப்பிட்டுக் கல்லை எடுக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினேன். அப்பா ஏலத்தில் செய்வதைப் போல விரலை மடக்கினேன், நீட்டினேன், தலையாட்டினேன். அவசியமான இடத்தில் மட்டும் காற்றுக் குரலில் "அரைக் கிலோ" என்றேன். நான் கிசுகிசுத்ததால் அவர்களும் கிசுகிசுத்தார்கள். அந்த மூச்சுச் சத்தம் பக்கத்தில் யாராவது தும்மினால்கூடக் கேட்காது. அப்படி இருக்க, பலகைக்கு அந்தப் பக்கம் தூறல் ஆரம்பித்துவிட்டது.

மெல்லிய பாட்டுத்தான். தூறல் அப்படித்தான் தொடங்கும், எனக்குத் தெரியும். அடுத்தது சாரல். அதற்கடுத்து இடி. அந்தப் பாட்டின் ஒவ்வொரு அடியும் எனக்கு மனப்பாடம். வாரக்கணக்காகக் கேட்டு வெறுத்த பாட்டு. இடி விழுந்தால் என் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், எழுந்து எட்டிப் பார்ப்பார்கள். அவர்களை அடக்க எனக்குக் குரல் வேண்டும். "கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா" என்று தேர்வாளர் ஒரு வார்த்தை சொன்னால் அத்தோடு முடிந்தது.

நான் தராசைப் பார்க்காமல் பலகைக்கு அடியில் பார்த்தேன். வரிசையாகச் சின்னச் சின்னப் பாதங்கள். சாரல் முடிந்தது. பாதங்கள் எல்லாம் ஒன்றாக மேலே எழும்பின. கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் கேட்கவில்லை. திறந்து பார்த்தால், பாதங்கள் நுனிவிரலில் பூனை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தன. அவளுடைய செருப்பில்லாத பாதமும் அப்படியே இறங்கியது. பிறகு உள்ளங்கையில் ஒற்றை விரலால் தட்டும் சத்தம் வந்தது. பாட்டு மறுபடி தூறலுக்குத் திரும்பியது. கடைசி வரைக்கும் அந்த மழை வலுக்கவே இல்லை. கோயிலை நிறைக்கிற அந்தக் குரலை அவள் எங்கே ஒளித்து வைத்தாளோ தெரியாது.

என் வகுப்பு முடிந்தது. தேர்வாளர் என் குறிப்பில் ஏதோ எழுதிவிட்டு, "நல்லாருக்கும்மா" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இடி மின்னல்னு குறிப்புல எழுதியிருக்க. எங்க இடி? மழைப் பாட்ட இப்படியா பாடுவாங்க? உனக்குக் குரலே எழும்பலையே."

அவள் என்னைப் பார்க்கவில்லை. "என் குரலே இம்புட்டுத்தான் சார்" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பாய்ந்து சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனேன். நான் ஓர் எழுத்து எழுதுவதற்குள் அவள் வந்து பலகையை மறைத்துக்கொண்டு, முதுகை அதில் சாய்த்து நின்றுவிட்டாள். முகத்தில் சிரிப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு எனக்கு மட்டும் கேட்கும்படி, "அடுத்த வருசம் வர்றியா? பேசாம நில்லு" என்றாள். தேர்வாளர் பேனாவை மூடிக்கொண்டு கிளம்பினார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் சேலையின் முதுகெல்லாம் என் பலகையின் சாக்பீஸ் தூள். கிலோகிராம் கணக்கு முழுவதும் அங்கே ஒட்டியிருந்தது. உத்தமபாளையம் வரும்வரை அதைத் தட்டிவிட்டுக்கொண்டே வந்தேன். எனக்கு அழுகை வந்தது, அழுவதற்கும் சத்தம் வரவில்லை. அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

டாக்டர் சொன்னபடி வாயைக் கட்டிக்கொண்டு இருந்ததில் குரல் திரும்பியது. அதற்குப் பிறகு ஒருநாள் தேனியில் கல்லூரியில் எல்லோரையும் உட்காரவைத்துத் தேர்வாளர்களின் குறிப்புகளைப் பேராசிரியை வாசித்தார். என்னுடையதை வாசித்ததும் அவருக்கே நம்பிக்கை வரவில்லை: "அமைதியான, கட்டுப்பாடான வகுப்பு. மற்றவர்கள் பின்பற்றத்தக்கது." என்னைத் தெரிந்த அத்தனை பேரும் மேஜையைத் தட்டினார்கள். அடுத்தது அவளுடையது. "தேர்ச்சி. குரல் வளம் போதாது. மதிப்பெண் குறைக்கப்பட்டுள்ளது. உரக்கப் பேசப் பயிற்சி தேவை."

வகுப்பே வாய்விட்டுச் சிரித்தது. அவள் குனிந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மதிப்பெண்ணோடு அவள் முதல் இடமும் போய்விட்டது. நான்கு வருடமும் அவளிடமே இருந்த இடம் அது.

நான் எழுந்தேன். யார் அனுமதியும் கேட்கவில்லை. என் தொண்டை போனதிலிருந்து, அந்தப் பாதங்கள் நுனிவிரலில் இறங்கினதிலிருந்து, பலகையில் அவள் சாய்ந்து நின்றது வரை ஒன்று விடாமல் சொன்னேன். மண்டியில் கடைசி லாரிக்காரனுக்கும் கேட்கிற குரலில் சொன்னேன். பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தார்கள். சிரித்தவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "மதிப்பெண் பல்கலைக்கழகத்துக்குப் போயிருச்சும்மா. இனி மாத்த முடியாது" என்றார்.

எனக்கு அப்போதும் நிறுத்த மனமில்லை. இன்னும் ஓங்கி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கீழேயிருந்து என் முந்தானையை யாரோ பிடித்து இழுத்தார்கள். அவள்தான். கண் கலங்கியிருந்தது.

"உக்காருடி" என்றாள். "காது வலிக்குது."