தீவன மில்லில் ஏழு எண்கள்

ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் என் வீட்டில் உட்கார்ந்தபடி கம்ப்யூட்டர் வைரஸ்களைப் பிரித்து மேய்வது என் பிழைப்பு. சொந்தக்காரர்களைப் பொறுத்தவரை அது கம்ப்யூட்டர் ரிப்பேர். யார் வீட்டு பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் போன் எனக்குத்தான் வரும். அன்றைக்கு நாமக்கல்லில் கோழித்தீவன மில் வைத்திருக்கும் மாமா கூப்பிட்டார்.

"சாமி, தீவனம் கலக்கற மிக்சரை ஓட்டற புரோகிராம் பகல்ல தினம் ஏதோ ஒரு நேரத்துல கிளம்பவே மாட்டேங்குது. ராத்திரி ஷிப்டுல ஒரு வம்பும் இல்ல. பகல்ல இருக்கற பொம்பளைக்குக் கைராசி பத்தல. நாளைல இருந்து வர வேண்டாம்னுட்டேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மத்தியானமே பஸ் ஏறிவிட்டேன்.

மில்லில் அந்த அக்கா கண் சிவந்து கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம். "நான் ஒண்ணுமே பண்ணலீங்க. பட்டனை அமுக்குனா 'தயாராக இல்லை'ன்னு வருது. லோடுமேனுங்க அத்தனை பேரு முன்னாடியும் ராசி கெட்ட கைன்னு சொல்லிப்போட்டாருங்க. இனி எந்த மில்லுல என்னையச் சேப்பாங்க?"

புரோகிராம் எழுதியவர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். அவர் எழுதிய சோர்ஸ் கோடு யாரிடமும் இல்லை. இருந்தது மெஷினுக்கு மட்டும் புரியும் பைனரி ஃபைல் ஒன்றுதான். லேப்டாப்பின் கறுப்புத் திரையில் எழுத்து மட்டுமே ஓடும் என் கமாண்ட் லைன் டூலுக்குள் அதைப் போட்டேன். மாமா எட்டிப் பார்த்து, "இதுல படமே வராதா?" என்றார்.

"சினிமாவா ஓட்டறேன்? சும்மா இருங்க மாமா."

'தயாராக இல்லை' என்ற சொல்லைத் தேடி, அதை எந்த இடம் கூப்பிடுகிறது என்று பின்னாலேயே போனேன். அங்கே ஏழு எண்கள் வரிசையாக நின்றன: 990, 450, 900, 720, 810, 630, 540. கடிகாரம் இவற்றில் அன்றைய எண்ணைத் தொட்டால், அடுத்த தொண்ணூறு நிமிடத்துக்கு மிக்சரைக் கிளப்பாதே என்று உத்தரவு. ஏழு என்றால் கிழமை. ஞாயிறிலிருந்து எண்ணினால் மூன்றாவது, இன்றைய செவ்வாய். நள்ளிரவிலிருந்து தொள்ளாயிரம் நிமிடம் என்றால் பகல் மூன்று மணி. தலையைத் தூக்கினால் எதிர்ச் சுவரில் தினசரி காலண்டர்: செவ்வாய், ராகு காலம் 3 முதல் 4.30 வரை.

அடக் கடவுளே!

"மாமா, இதை யாரு எழுதச் சொன்னது?"

மாமா காதைச் சொறிந்தார். "நாந்தான் சாமி. மில்லு ஆரம்பிச்சப்பச் சொன்னேன். மறந்தே போச்சு. முன்னாடி இருந்த ஆளு ராகு காலத்துல டீ குடிக்கப் போயிருவான்."

அதனால் இத்தனை வருஷமாக எவருக்கும் தெரியவில்லை. இந்த அக்காதான் லோடு நிற்கிறதே என்று நேரம் காலம் பார்க்காமல் வேலை செய்திருக்கிறார். நல்லதுக்குக் காலமில்லை!

அப்போது மணி மூணே முக்கால். "நாலரைக்கு மேல எடுக்கலாமே" என்று இழுத்த மாமாவை ஒரு முறை முறைத்தேன். ஃபைலை ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு, இரண்டே இரண்டு பைட்டை மாற்றி அந்தத் தடையை நீக்கினேன். அக்கா பட்டனை அமுக்கினார். மிக்சர் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"நாளைக்கு வந்துரு அம்மிணி" என்றார் மாமா.

"கைராசியில்லைன்னு எல்லாரு முன்னாடியும் சொன்னீங்க. இதையும் அப்பிடியே சொல்லிப்போடுங்க. அப்பறம் வாரேனுங்க."

 மாமா வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தார்.

"எல்லாரும் இங்க வாங்கப்பா. அம்மிணி கையில ஒரு குத்தமும் இல்ல. குத்தம் எம்பட புத்தியில."