நாற்பத்து மூன்றில் மிதக்கக் கற்றது

முதலில் ஏலக்காய் வாசனை வரும், அதன் பின்னால் பெரியப்பாவின் கை வரும். அம்மா இறந்து, அப்பா கேரளாவில் வேறு குடும்பம் அமைத்துக்கொண்ட பிறகு, போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்த பெரியப்பா வீட்டில்தான் வளர்ந்தேன். பள்ளி விட்டு வந்ததும் சாக்கை விரித்து, பெரிய காய் வேறு, சின்னக் காய் வேறாகப் பொறுக்க வேண்டும். ஒன்று மாறி விழுந்தாலும் பின்னாலிருந்து உச்சந்தலையில் "நங்"கென்று கொட்டு விழும்.

"ஏ தெண்டம், ஒன்னைய வச்சு என்னத்தச் செய்ய?"

"பெரியப்பா ஒன் நல்லதுக்குத்தான சொல்றாக" என்பார் பெரியம்மா. நாளடைவில் "தெண்டம்" என்றாலே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

இப்போது தேனியில் ஓர் அலுவலகத்தில் வேலை. மகள் வெளியூருக்குப் படிக்கப் போன பின், எனக்கும் ஏதாவது வருமா என்று பார்க்கத் தோன்றியது. தையல் வகுப்பில் ரவிக்கைக்குக் கையைத் திருப்பித் தைத்தேன், மறுநாள் போகவில்லை. கீபோர்டு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. யாரும் வாய் திறக்குமுன் நானே என்னைத் "தெண்டம்" என்று சொல்லிக்கொண்டு எழுந்து வந்துவிடுவேன்.

பிறகுதான் பழனிசெட்டிபட்டியில், பெண்களுக்கான காலை நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். கற்றுக்கொடுத்த செல்வி மார்க்கையன்கோட்டைக்காரி, என்னைவிடப் பத்து வயது இளையவள். "கழுத்த விடுங்கக்கா, நான் பிடிச்சிருக்கேன்ல?" என்பாள். அவள் கை தலைக்குப் பின்னால் வந்தாலே என் தோள்கள் காதுவரை ஏறிவிடும். மூன்று வாரம் இப்படியே போனது.

"ஆராச்சும் அடிச்சாகளாக்கா?" என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டாள்.

"கொட்டுவாக."

அன்றிலிருந்து, தொடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் "கை வைக்கப் போறேன்" என்று சொன்னாள். ஒரு காலையில் "எடுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு எடுத்தாள். பத்து மூச்சு மிதந்திருப்பேன். தண்ணீர் குடித்து, இருமி எழுந்தேன். "தெண்டம்" என்று உள்ளே கேட்கத்தான் செய்தது. "இன்னொரு தரம் பாப்பமாக்கா?" என்றாள். படுத்தேன்.

பெரியப்பா இறந்து மூன்று வருடமாகிறது. அந்த வீட்டை இடித்துவிட்டு செல்போன் கடை வைத்திருக்கிறார்கள். நான் மிதந்ததைப் போய்ச் சொல்லிக்காட்ட அங்கே யாரும் இல்லை. இருந்திருந்தாலும் அதற்குத் தெம்பு இருந்திருக்குமா, தெரியவில்லை.

மிதந்த அன்று அலுவலகத்துக்குப் போன் செய்து அரைநாள் விடுப்புக் கேட்டேன். என்ன காரணம் என்றார்கள்.

"அசதியா இருக்கு, தூங்கணும்" என்றேன்.

வழக்கமாகக் காய்ச்சல் என்றுதான் சொல்வேன்.